கஞ்சி கேட்ட ராணி

திண்டுக்கல் பழநி ரோட்டில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்த கண்ணுசாமி, 1957-ஆம் வருடம் ஒரு நாவலைத் தாமே எழுதி, தாமே அச்சடித்து, தாமே விற்பது என்று தீர்மானித்தார். அவர் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஒருவர், ஊரில் ஒரே ஒருவர், அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வந்து, "படித்தேன்" என்று சொல்ல வேண்டும். புகழ், மாலை, பொன்னாடை எல்லாம் அதன் பிறகு தாமாக வந்து சேரும் என்று நம்பியதால், அவற்றுக்கென்று அவர் தனியாக ஆசைப்படவில்லை.

நாவலின் பெயர் 'செம்பாறைக் கோட்டை'. அதில் இளமதி என்று ஒரு ராணி, அவளுக்கு ஒரு ராசா, ஏழு பகைவர்கள், இரண்டு சுரங்கப்பாதை, ஒரு குதிரை. கண்ணுசாமி குதிரைமேல் ஏறியதில்லை. ஜட்கா வண்டியில் ஏறியிருக்கிறார். கிட்டங்கி வாசலில் நின்றால் ஊர் மலைக்கோட்டை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கோட்டைக் காட்சிகளை எழுதினார். ஒரு தடவை நேரில் பார்த்துவிடலாம் என்று ஏறப்போய், பாதிப் படியில் மூச்சு வாங்கி இறங்கி வந்தவர், நாவலில் மட்டும் தளபதியை முழுக் கவசத்தோடு இருபது முறை ஓட்டமாக ஏற்றி இறக்கினார்.

கதை முழுவதையும் கிட்டங்கியில் கழித்துப் போட்ட எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். புகையிலைத் தூள் அதில் ஊறிப் போயிருந்தது. அந்தக் கட்டை வெளியூர்ப் பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினார். நாலே நாளில் திரும்பி வந்தது. பிரித்தவருக்குத் தும்மல் நிற்கவில்லை போலிருக்கிறது என்று அவர் தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார். கதையைப் படித்துவிட்டுத்தான் திருப்பினார்களோ என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நிறையப் பேருக்கு நல்லதாக இருந்திருக்கும்.

பேகம்பூர் போகிற வழியில் கிதர் முகம்மதுவின் அச்சகம் இருந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின் ஒன்று, எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் ஒருவர். அந்த ஒருவரும் கிதர் முகம்மதுதான். கண்ணுசாமி கட்டைக் கொண்டுபோய் வைத்ததும், பாய் அதைத் திறந்து பார்க்காமல் கையால் தூக்கிக் கனத்தை மட்டும் பார்த்தார்.

"அண்ணே, எங்கிட்ட இருக்குற எழுத்துக்கு எட்டுப் பக்கந்தான் கோக்க முடியும். எட்டுப் பக்கம் ஒரு பாரம். அதை அடிச்சு முடிச்சு, எழுத்தைப் பிரிச்சுப் பெட்டியில போட்டாத்தான் அடுத்த எட்டு. அச்சேறுனது அச்சேறுனதுதான். பின்னால வந்து அந்த ஆளை மாத்து, இந்த ஆளைப் பொழைக்க வையின்னு சொல்லப்படாது."

அப்படியே ஒப்புக்கொள்ளப்பட்டது. நூற்றிருபத்தெட்டுப் பக்கம், பதினாறு பாரம், ஐந்நூறு பிரதி. வாரத்துக்கு ஒரு பாரம் என்று பேச்சு. ஆனால் முகூர்த்த மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வந்து அடைத்துக்கொள்ளும். வைகாசி முழுவதும் ராணி இளமதி சுரங்கப்பாதையிலேயே நின்றாள். ஆவணியில் தளபதி வாளை ஓங்கியபடி ஐந்து வாரம் காத்திருந்தார். ஊரில் நாற்பது ஜோடிக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் அந்த வாள் இறங்கியது.

பாரம் பாரமாக அச்சடிப்பதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கண்ணுசாமிக்குப் புதிது புதிதாக யோசனை வந்தபடி இருக்கும். முந்தைய பக்கங்களோ ஐந்நூறு தாளில் அச்சாகிக் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டாம் பாரத்தில் குதிரை வெள்ளை. ஏழாம் பாரத்தில் இருட்டில் தப்ப வேண்டியிருந்ததால் அதற்குக் கரியைப் பூசினார். பத்தாம் பாரத்தில் பெருமழை கொட்டியது. குதிரை கறுப்பாகவே நனைந்தது. இது அவருக்கு நினைவு வந்தபோது பதினோராம் பாரம் அச்சில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பட்டியல் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார். அந்தப் பட்டியல்தான் அவர் எழுதியதிலேயே மிகக் கவனமாக எழுதப்பட்ட பக்கம்.

அணிந்துரை ஒன்றும் வாங்கினார். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஒச்சப்பன் கையெழுத்துக் கட்டை இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, 'இக்கவிதை நூலில் சந்தம் துள்ளி விளையாடுகிறது' என்று எழுதிக் கொடுத்தார். கண்ணுசாமி அதைத் திருத்தச் சொல்லக் கூச்சப்பட்டார். பெரியவர் ஒருவர் கவிதை என்றால் எங்கேயாவது கவிதை இருக்கத்தான் செய்யும் என்று அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

புத்தகம் கட்டுவதற்குத் தனி ஆள் வைக்கக் கையில் ஏதும் மிஞ்சவில்லை. அவருடைய மனைவி சண்முகவள்ளி, தான் மடித்துத் தைத்துத் தருவதாகச் சொன்னாள். பிள்ளையில்லாத வீடு; நடுக்கூடம் முழுவதும் தாளைப் பரப்ப இடம் இருந்தது. அச்சான தாளில் பக்கங்கள் ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, எண் மாறிக் கிடக்கும். மடித்தால்தான் கதை வரிசைக்கு வரும். அவள் மரக்கரண்டிக் காம்பால் மடிப்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கிட்டங்கியிலிருந்து வந்த சாக்கு ஊசியும் சணல் நூலும் தைக்க உதவின. அட்டை ஒட்ட மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தாள்.

மடிக்கும்போது அவள் படித்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போனவள். வரிக்கு அடியில் விரலை ஓட்டி, உதடு அசைய, நிதானமாகப் படிப்பாள். கண்ணுசாமி அதை வாசிப்பு என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர் எதிர்பார்த்தது வேறு மாதிரி ஆள்: கண்ணாடி போட்டவர், மதுரைப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து விலாசம் விசாரிப்பவர். மனைவி படிப்பது, சமைக்கிறவள் உப்புப் பார்ப்பது போல என்று நினைத்தார்.

அவளுக்கு ராணி இளமதியைப் பிடித்துப் போயிற்று. ராணி சுரங்கப்பாதையில் நின்ற வைகாசி மாதம், வாரத்துக்கு ஒரு முறையாவது, "பாய் இன்னம் அவளை வெளிய விடலையா?" என்று கேட்டாள். தளபதியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. படி ஏறுகிறாரே தவிர மேலே போய் ஒரு வேலையும் செய்கிற மாதிரித் தெரியவில்லை என்றாள்.

பதினைந்தாம் பாரத்தில் ராணிக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தாள். நூற்றிருபதாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'பத்தாம் நாள் காலையில் ராணி மெல்ல எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டாள்.' பதினாறாம் பாரத்தில், அன்று மாலையே செத்துப் போனாள். பிறகு ராசா ஐந்து பக்கம் புலம்பினார், இடையிடையே பாட்டும் பாடினார், காட்டுக்குப் போனார். அதன்பின் பிழை திருத்தம்.

அந்தப் பாரம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சண்முகவள்ளி கொஞ்சம் தாள்களை மடித்துவிட்டு, கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, கஞ்சி கேட்டவ எப்படிச் சாவா? காச்சக்காரி எந்திரிச்சு ஒக்காந்து கஞ்சி கேட்டா, பொழச்சுக்கிட்டான்னு அர்த்தம்."

கண்ணுசாமி பசைக் கையோடு சிரித்தார். உயர்ந்த கதை என்றால் துயரத்தில்தான் முடிய வேண்டும் என்று விளக்கினார். புரியவில்லை என்று அவள் முகம் சொன்னதால், ராசாவின் புலம்பலை எழுந்து நின்று வாசித்தும் காட்டினார். மூன்றாம் பக்கத்தில் அவருக்கே குரல் கம்மியது. நான்காம் பக்கத்தில் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சண்முகவள்ளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம்போது நா அவ காச்சல்ல கெடந்தப்ப ராசா எங்க போயிருந்தாரு? தலமாட்டுல ஒரு நேரம் ஒக்காந்ததா ஒரு வரி இல்ல. செத்ததுக்கப்புறம் அஞ்சு பக்கம் பாட்டு."

"அது காவியம். ஒனக்கு வெளங்காது."

"இதை எழுதுறப்ப ஒங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சா?"

இருந்தது. எழுதி முடித்த அன்று அவர் வழக்கத்தைவிட மூன்று தோசை அதிகமாகச் சாப்பிட்டிருந்தார். அதை அவள் சுட்டுப் போட்டதும் அவர் நினைவில் இருந்தது. ஆனால் அவர் பசைக் கையைக் கழுவப் போனார். அவளும் மரக்கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். மறுநாள் முதல் வேலை வழக்கம்போல நடந்தது. மனைவி வாதத்தில் தோற்று ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். இருபது வருடம் குடும்பம் நடத்தியும் அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

தை மாதத் தொடக்கத்தில் புத்தகம் தயாராயிற்று. கையில் வாங்கியதும் கண்ணுசாமி அட்டையைத் தடவினார், தம் பெயரை ஏழெட்டுத் தடவை படித்தார், நடுவில் விரித்து மோந்து பார்த்தார். உள்ளே படிக்கவில்லை. பதினாறு பாரத்துக்கும் புரூஃப் பார்த்ததில் தம் நடையே அவருக்குத் திகட்டியிருந்தது. கிதர் முகம்மதுவுக்கு ஒரு பிரதி கொடுத்தார். பாய் நன்றி சொல்லி வாங்கி மேஜைமேல் வைத்தார். மறுநாள் அதன்மேல் மைக்குப்பி இருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நூலாசிரியர் விற்பனைக்குக் கிளம்பினார். கோடைரோடு ஸ்டேஷனில், கொடைக்கானல் போக இறங்குகிறவர்களிடம் நீட்டினார். கம்பளிச் சட்டையோடு இறங்கிய ஒரு குடும்பத்தார், அவர் தங்குமிடத்து விளம்பரம் கொடுக்கிறார் என்று நினைத்து, அறையில் வெந்நீர் உண்டா என்று விசாரித்தார்கள். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு ஐந்து மைல் தாமும் நடந்து பார்த்தார். நடப்பவர்கள் ஒரு துண்டின் கனத்தையே குறைக்கப் பார்க்கிறவர்கள் என்பது ஐந்தாவது மைலில்தான் அவருக்கு விளங்கியது. புளியமரத்தடியில் படுத்திருந்த ஒருவர் மட்டும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கினார். கண்ணுசாமி சற்றுத் தள்ளி உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அந்த ஆள் எழுந்து வந்து, "நல்லா இருந்துச்சுய்யா" என்று திருப்பிக் கொடுத்தார். அட்டையில் எண்ணெய்த் தலையின் வட்டம் பதிந்திருந்தது.

தெரிந்தவர்களுக்கு விற்பது சுலபமாக இருந்தது. அவர்களால் ஓட முடியாது. விற்ற பத்தாம் நாள் அவர்கள் எதிரே போய் நின்று, "கடைசி வரைக்கும் படிச்சீங்களா?" என்று கேட்பார். எல்லாரும் படித்திருந்தார்கள். கிட்டங்கி மானேஜர் சடையாண்டி, முடிவு மனசைப் பிசைந்துவிட்டது என்றார். ஒச்சப்பன் ஐயா, முடிவில் கண்ணீர் விட்டதாகவே சொன்னார். கண்ணுசாமி வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சண்முகவள்ளியிடம் சொன்னார். அவள் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "அப்படியா சொன்னாக?" என்றாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. ஐயா அழுததைக் கேட்டு இவளும் அழுகிறாள் என்று நினைத்து அவர் நெகிழ்ந்தார்.

மாசியில் ஒருநாள் கிட்டங்கி வேலையாக வடமதுரைக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் பொம்மையன் பழக்கமானவன், பேச்சுக்காரன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணுசாமி கதையெல்லாம் எழுதுகிறவர் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் கேட்டான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். ஒரு ராணி, காச்சல்ல சாகுறா. ராசா பொலம்பு பொலம்புன்னு பொலம்புறான். 'உன் கூந்தலின் இருளில்லாமல் எனக்கு இரவேது'ங்கிறான். அம்புட்டு வரைக்கும் கெடைச்சிருச்சு. அப்புறம் அந்தாளு காட்டுக்குப் போனானா, இல்ல பாதியில திரும்பிட்டானா? அந்தப் பக்கம் மட்டும் ஆப்பிடவே மாட்டேங்குது."

கண்ணுசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வரி. ஒரு கண்டக்டர் வாயில், திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடுவில், ஓடும் பஸ்ஸில். புத்தகத்தை எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

"பொஸ்தகமா? கடலைப் பொட்டலத்துலண்ணே. பஸ் ஸ்டாண்டு வாசல்ல செபாஸ்தியம்மா கடலையில வருது. எங்க டிரைவரும் படிக்கிறாரு. அவருக்கு ஒரு பக்கம் வந்துருக்கு, முழுக்க 'இது தப்பு, இது சரி'ன்னு வரிசையாப் போட்டுருக்கு. அது ராசாவோட அமைச்சரு எழுதுனதாண்ணே?"

வடமதுரையில் என்ன வேலை பார்த்தார் என்று அவருக்கு நினைவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பி, ஸ்டாண்டு வாசலில் இறங்கினார். வறுத்த கடலைக் கூடையோடு செபாஸ்தியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அடுத்த தெருக்காரி; சண்முகவள்ளிக்குச் சினேகிதி. கண்ணுசாமி ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்தார். நூற்றிருபத்திரண்டாம் பக்கம். ராணியின் கடைசி மூச்சில் மூன்று கடலை ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று வாங்கினார், அதுவும் அதே பக்கம். ஒரு பாரத் தாளைக் கிழித்தால் நாலு துண்டு, நாலு வகைப் பொட்டலம். நான்கும் சேர அவர் பதினொரு பொட்டலம் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாதே என்று கடலை முழுவதையும் தின்றார். அன்றைக்கும் மறுநாளைக்கும் வயிறு அதைச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"ஏண்ணே, அம்புட்டுப் பசியா?" என்றாள் செபாஸ்தியம்மாள். தாள் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, வீட்டில் கட்டிலடியில் ஒரு கட்டு வீணாகக் கிடக்கிறதென்று வள்ளிதான் கொடுத்தாள் என்றாள். மாதா புண்ணியத்தில் அந்தத் தாள் வந்ததிலிருந்து கடலை நன்றாக ஓடுகிறதாம். சிலர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் படிக்காத பக்கத்தில் மடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

வீட்டுக்குப் போகிற வழியில் கிட்டங்கிக்குள் நுழைந்து, அங்கே வைத்திருந்த விற்காத பிரதி ஒன்றைத் திறந்தார். நூற்றிருபதாம் பக்கத்தில் ராணி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதற்கடுத்தது பின்னட்டை. இன்னொன்றைத் திறந்தார். அதிலும் ராணி கஞ்சி கேட்டாள். எதிர்ப்பட்ட ஒச்சப்பன் ஐயாவை நிறுத்தி, முடிவில் எந்த இடத்தில் ஐயா கண்ணீர் விட்டீர்கள் என்று பணிவாக விசாரித்தார். ஐயா கொஞ்சம் யோசித்து, "எல்லா இடத்திலுந்தான்" என்றார்.

வீட்டுக்குள் போனபோது அவரிடம் ஒரு பேச்சுத் தயாராக இருந்தது. ராசாவின் புலம்பலுக்குக் குறையாத நீளம். சண்முகவள்ளி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கறை பட்ட நான்கு தாளையும் அவள் முன்னால் வைத்தார்.

"இது என்ன?"

"கடலைத் தாளு," என்றாள்.

"இது ராணி செத்த பாரம்."

"அதத்தான் சொல்றேன். கடலைத் தாளு."

யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று அவர் ஆரம்பித்தார். அவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒங்களைக் கேட்டேன். காவியம்னீங்க. சரின்னு மடிக்க ஒக்காந்தேன். இருபது தாளு மடிச்சேன். மடிக்கிறப்பெல்லாம் அந்தப் பக்கம் மேல வந்துருது. இருபது தடவை செத்தா. நீங்க ஒரு தடவை எழுதிட்டுத் தோசை தின்னுட்டுப் போயிட்டீங்க. நான் இன்னம் நானூத்தி எம்பது தடவை அவளைச் சாகடிக்கணும். எனக்குக் கை வரலங்க."

அவருடைய பேச்சு அதோடு நின்றது. வேறொன்று தொண்டைக்கு வந்தது.

"அப்ப, நீ கடைசி வரைக்கும் படிச்சிருக்க."

"படிக்காம எப்படிக் கழட்டுவேன்?"

கோடைரோட்டிலும் பழநிப் பாதையிலும் அவர் தேடி அலைந்த ஒரே ஒருவர் இவள்தான்; கத்திரிக்காய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதான். அப்படிப் படிக்கிற ஒருவர் படித்து முடித்ததும் கடைசி எட்டுப் பக்கத்தைக் கழற்றிக் கடலைக்காரிக்குக் கொடுப்பார் என்பதை மட்டும் அவர் ஆசைப்படும்போது யோசிக்கவில்லை. மீதிப் பிரதிகளில் முடிவைக் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள், மை நான் கரைத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னாள். அவர் தாளையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தார். ஒரு பிரதிக்கு எழுதினார். ராணி செத்ததும் கை வலித்தது. மூடி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு விற்ற பிரதிகளிலும் ராணி சாகவில்லை. சித்திரையில் வடமதுரையிலிருந்து ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் ராமுத்தாய் என்று இருந்தது. விலாசம் தவிர வேறு விவரம் இல்லை. 'ஐயா, தங்கள் கதையைப் படித்தேன். குதிரை விஷயம் விளங்கவில்லை. ராணி கஞ்சி கேட்டாள் என்று நிறுத்திவிட்டீர்கள். கொடுத்தார்களா இல்லையா? தெரிவிக்கவும்.'

கண்ணுசாமி அந்தக் கார்டை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பதிலாகக் கலையில் முடிவின் இடம் என்ன என்று நான்கு பக்கம் எழுதினார். சண்முகவள்ளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தப் பொம்பளை கேட்டதற்கு இதில் பதிலே இல்லையே என்றாள். கடைசியில் ஒரு கார்டில் இரண்டே சொல் போயிற்று: 'கொடுத்தார்கள். குடித்தாள்.' கீழே குதிரையைப் பற்றி ஒரு வரி எழுதலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவர் வேறு புத்தகம் எழுதவில்லை. எழுதினால் மடிப்பவளின் சம்மதத்தை முதலிலேயே வாங்கிவிட வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வார். வருடங்கள் போயின. சுமார் முந்நூறு பிரதி கட்டிலடியில் இருந்தது.

1965 ஐப்பசியில் சண்முகவள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தார். தலைமாட்டை விட்டு நகரவில்லை. ராசா எங்கே போயிருந்தார் என்று அவள் கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார், மறுபடியும் வந்தார். பதினோராம் நாள் காலையில் அவள் தானாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தபடியே நின்றார்.

"என்ன முழிக்கிறீங்க? கஞ்சிதான கேட்டேன்," என்று அவள் சிரித்தாள்.

அவர்தான் காய்ச்சினார். அடிப்பிடித்துவிட்டது. அவள் பாதி குடித்துவிட்டு உப்பு இல்லை என்றாள். உப்புப் போட்டுக் கொடுத்ததும் மீதியையும் குடித்தாள். அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் படவில்லை. அவள் சொன்னதுதான் சரி, நூற்றிருபதாம் பக்கத்தோடு கதை முடிந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் இல்லை.

கருமாதிப் பத்திரிகை அடிக்கக் கிதர் முகம்மதுவிடம் போனார். அச்சகத்தில் இப்போது புது எழுத்து வந்திருந்தது. ஒரே சமயத்தில் முப்பத்திரண்டு பக்கம் கோக்கலாம். பாய் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள், எழுத்துக்குக் குறைவில்லை என்றார்.

கண்ணுசாமி வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பார்த்தே இராத ஒரு ராணிக்கு ஐந்து பக்கம் புலம்பியவருக்கு ஒரு வரி வரவில்லை. பாய் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"அண்ணே, நம்ம பொஸ்தகத்துல கடைசியில ஒரு பொலம்பல் வருமே. நாந்தான் கோத்தேன். அதுலருந்து நாலு வரி எடுத்துப் போடட்டுமா?"

"வேணாம் பாய். அவளுக்கு அது பிடிக்காது."

பெயர், கணவன் பெயர், இறந்த நாள், காரியம் நடக்கிற நாள், இடம், இப்படிக்கு. ஆறு வரி வந்தது. புரூஃபை ஐந்து தடவை படித்தார். பிழை ஒன்றும் இல்லை. கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. ஒரு பூ வைக்கலாமா என்று பாய் கேட்டதற்குச் சரி என்றார். இருநூறு பத்திரிகை வீட்டுக்கு வந்தது. நடுக்கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக அவரே மடித்தார். மடிக்கும்போதெல்லாம் பெயர் மேலே வந்தது. இருபது மடித்ததும் நிறுத்தினார். பிறகு மீதியையும் மடித்தார்.

பத்திரிகை கொடுக்கத் தெருத் தெருவாகப் போனார். பஸ் ஸ்டாண்டு வாசலில் செபாஸ்தியம்மாள் கூடையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தாள். அவள் முடிக்கும் வரை அவர் நின்றார். பழைய பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

"கடைசி வரைக்கும் படிச்சியாம்மா?"

"ஆறு வரிதானேண்ணே," என்றாள் அவள். "கடைசி வரைக்கும் படிச்சேன்."